மாவுக்கட்டு போட்டோ: வடசென்னையை யார் படம் பிடிக்கிறார்கள்?

அரசு மருத்துவமனைக் கட்டிலில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் முழங்கை வரை வெள்ளை மாவுக்கட்டு. சில படங்களில் காலிலும் ஒன்று. பின்னால் பச்சைத் திரை, ஓரத்தில் காக்கிச் சட்டையின் ஒரு துண்டு. கீழே செய்தி: ‘போலீஸைக் கண்டு தப்பியோடியபோது தவறி விழுந்தார்.’ அல்லது, ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்.’ காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர், புளியந்தோப்பு என்று ஊர் மாறும், ஆளின் பெயர் மாறும். படம் மட்டும் மாறுவதில்லை.

செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் அந்தப் படம், ஒரு மணி நேரத்துக்குள் தொலைக்காட்சி, யூடியூப் சேனல், மீம் பக்கம் என எல்லா இடத்தையும் சுற்றி வந்துவிடும். தமிழ்நாட்டில் அதற்கு ‘மாவுக்கட்டு போட்டோ’ என்று பெயரே நிலைத்துவிட்டது. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகியிருக்காது. சாட்சி விசாரணை தொடங்கியிருக்காது. ஆனால், தண்டனை முடிந்துவிட்டது என்ற நிறைவைப் பார்ப்பவருக்கு அந்தப் படம் கொடுத்துவிடுகிறது. கமென்ட் பகுதியில் சிரிப்பு எமோஜிகள் குவிகின்றன. காவல் நிலையக் கழிவறைகளில் கைதானவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸார் விழமாட்டார்களா என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. அதற்குப் பிறகும் படங்கள் நிற்கவில்லை.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தை ஒட்டி வடக்கே நீளும் இந்த மண், தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்ட இடம். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான பகுதி. குத்துச்சண்டையும் கால்பந்தும் கேரமும் தெருவுக்குத் தெரு வளர்ந்த ஊர். இருந்தும், இங்கே வந்தறியாத ஒரு கோவைக்காரருக்கோ மதுரைக்காரருக்கோ ‘வடசென்னை’ என்றால் கண்முன் வருவது கத்தியும் மாவுக்கட்டும்தான். அந்தப் பிம்பத்தை ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் சேர்ந்து கட்டியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிடித்தவர்கள் எடுத்தவை; பிடிபட்டவர்களின் தெருவிலிருந்து வந்தவை மிகக் குறைவு.

2024 ஜூலை

2024 ஜூலை 5-ம் தேதி மாலை, பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் கே.ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். தேசிய அளவில் அதிர்ச்சியை உண்டாக்கிய கொலை அது. மாயாவதி நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். மூன்றே நாளில் சென்னைக்குப் புதிய காவல் ஆணையராக ஏ.அருண் பொறுப்பேற்றார். ரவுடிகளுக்குப் புரியும் மொழியிலேயே பதில் சொல்லப்படும் என்பது அவர் அறிவித்த கொள்கை.

அடுத்த பல வாரங்களுக்கு வடசென்னை முகங்கள் திரைகளை நிறைத்தன. வரிசையாக நிற்கவைத்த முகங்கள், வட்டம் போட்ட சிசிடிவி காட்சிகள், அம்புக்குறிகளால் இணைத்த ‘கேங்’ வரைபடங்கள். ஜூலை 14 அதிகாலை, அந்தக் கொலை வழக்கில் கைதாகி போலீஸ் காவலில் இருந்த ஒருவர், ஆயுதங்களைக் கைப்பற்ற அழைத்துச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 18-ல் வியாசர்பாடியில் வேறொருவர், 23-ல் இன்னொருவர். தப்பிக்கத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது மூன்று சம்பவங்களிலும் போலீஸ் தந்த விளக்கம். மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. பொதுவெளியில் அந்தக் கேள்விகளுக்குப் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. கொல்லப்பட்டவர்களின் முகங்களுக்கு மேலே ‘பிரபல ரவுடி’ என்ற பட்டையைப் பல நாட்கள் பார்த்துப் பழகியிருந்த கண்களுக்கு அந்த மரணங்கள் எதிர்பார்த்த முடிவாகத்தான் தெரிந்தன.

கொலையுண்ட ஆம்ஸ்ட்ராங்கும் தப்பவில்லை. வழக்கறிஞராக, பௌத்தராக, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியவராக அவரை அறிந்தவர்கள் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே, அவருடைய பழைய வழக்குகளைக் கிளறி ஒரு தரப்பு அவரையும் ரவுடி பட்டியலில் சேர்த்துப் பேசியது. இயக்குநர் பா.இரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஊருக்கு ஒட்டிய முத்திரை, இறந்தவரின் படத்தின் மீதும் விழுந்தது.

மதராஸ் படையின் கேமரா

எதிரி என்று கருதப்பட்டவரைத் தோற்றுப்போன நிலையில் நிறுத்திப் படம் பிடிக்கும் பழக்கத்துக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு.

வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் ராணுவத்தின் குதிரைப்படை அதிகாரி. புகைப்படக் கலையில் தேர்ந்தவர். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது எலும்பும் தோலுமான குடும்பங்களை அவர் எடுத்த படங்கள்தான் இன்றுவரை அந்தப் பஞ்சத்தின் முகமாகப் புத்தகங்களில் அச்சாகின்றன. உற்றுப் பார்த்தால் அந்தப் படங்களின் ஒழுங்கு உறுத்தும். நிற்கக்கூட வலுவில்லாதவர்கள் உயர வரிசைப்படி, குழுக்குழுவாக, கேமராவுக்கு நேராக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். ஒருவருடைய பெயரும் குறிக்கப்படவில்லை.

அதே ஹூப்பர் 1885-ல் மூன்றாம் பர்மியப் போருக்குச் சென்ற படையில் ராணுவக் காவல் பொறுப்பாளராக இருந்தார். மாண்டலே வீழ்ந்து, மன்னர் தீபா நாடு கடத்தப்பட்ட பிறகும் பர்மியர்கள் எதிர்த்துப் போரிட்டார்கள். அவர்களைப் போராளிகள் என்று ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. கொள்ளையர் என்றே பதிவு செய்து சுட்டுக் கொன்றது. சுடப்படும் கணத்தில் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் படமாக்க விரும்பிய ஹூப்பர், கொலைக்களத்தில் கேமராவை நிறுத்தினார். 1886 ஜனவரியில் ‘தி டைம்ஸ்’ நிருபர் மொய்லன் இதை வெளியே கொண்டுவந்தார். லண்டன் நாடாளுமன்றம் வரை கொந்தளிப்பு எழுந்தது. விசாரணை நடந்தது, ஹூப்பர் கண்டனம் பெற்றார். மறு ஆண்டே நூறு படங்கள் கொண்ட அவருடைய பர்மா ஆல்பம் விற்பனைக்கு வந்தது.

பரிதாபத்துக்குரிய உடலையும் பயத்துக்குரிய உடலையும் படமெடுத்தவர் ஒரே ஆள் என்பது இங்கே முக்கியம். இரண்டிலும் எதிரே இருப்பவர் பேசவில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலையிலும் அவர் இல்லை.

எழும்பூரில் அளந்த முகங்கள்

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மூக்கின் அகலம், மண்டையின் நீளம் என்று மனிதர்களை அளவுகோல் வைத்து அளந்து, படமெடுத்து, சாதிவாரியாக வகைப்படுத்தினார். மனித உடலளவை மூலம் அடையாளம் காண்பது பற்றிப் போலீஸாருக்கும் வகுப்பெடுத்தார். கே.ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியான ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில், சில சமூகங்கள் திருட்டைத் தொழிலாகக் கொண்டவை என்ற விவரிப்பு படங்களுடன் இடம்பெற்றது.

இரண்டு ஆண்டுகளில், 1911-ம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் வாயில் அது ‘ரேகைச் சட்டம்’. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். அதே 1920-ல்தான் கைதிகளின் அளவுகளையும் படங்களையும் எடுக்கப் போலீஸுக்கு அதிகாரம் தந்த கைதிகள் அடையாளச் சட்டமும் பிறந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின் ஒழிந்தது. அடையாளச் சட்டம் 102 ஆண்டுகள் உயிரோடு இருந்து, 2022-ல் இன்னும் விரிவான சட்டத்துக்கு வழிவிட்டது. இப்போது கருவிழி, விழித்திரை, உள்ளங்கை, பாதம், கையெழுத்து எல்லாம் எடுக்கலாம். பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த முகங்கள் இன்று சர்வரில் இருக்கின்றன. ஏ ப்ளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்த ரவுடிப் பட்டியல் ஒரு பக்கம். இரவு வாகனச் சோதனையில் செல்போனில் ‘ஒரு போட்டோ’ எடுத்து முக அடையாள மென்பொருளில் ஒப்பிடுவது இன்னொரு பக்கம். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள இணையதளத்திலிருந்து தகவல்கள் திருடுபோயின. நிர்வாகக் கணக்கொன்றின் கடவுச்சொல் மூலம் ஊடுருவல் நடந்ததாகக் காவல்துறை விளக்கம் தந்தது. கம்பெனி ஷிப்ட் முடித்து நள்ளிரவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக்கில் திரும்பும் ஓர் இளைஞருக்கு, தன் முகம் எங்கே போய்ச் சேர்கிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. கேட்கும் இடம்தான் இல்லை.

பத்துப் படங்கள், ஒரு சிறுவன்

குற்றவாளியைப் பிடிக்கப் புகைப்படம் உதவாதா? உதவும். அதற்குத் தமிழ்நாட்டிலேயே உலகறிந்த சாட்சி உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் ஹரிபாபு என்ற புகைப்படக்காரரும் ஒருவர். அவர் உடல் மீது கிடந்த கேமரா உடையவில்லை. அதிலிருந்த பத்துப் படங்கள்தான் விடுதலைப் புலிகளின் மனித வெடிகுண்டாக வந்த தணுவையும் சதியை நடத்திய சிவராசனையும் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்குக் காட்டிக்கொடுத்தன. அந்தப் படங்கள் சாட்சியங்கள். குண்டு வெடிப்பதற்கு முந்தைய நிமிடங்களில் யார் எங்கே நின்றார்கள் என்பதை அவை சொல்லின.

ஆனால், நாளிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் அந்த முகங்கள் நிறைந்த மாதங்களில், அவற்றின் நிழல் ஈழத்திலிருந்து வந்து இங்கே தங்கியிருந்த எல்லோர் மேலும் விழுந்தது. வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பேச்சில் யாழ்ப்பாணத்து இழுவை கேட்டாலே அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது. இரண்டு முகங்களுக்கான படங்கள் ஒரு மக்கள் கூட்டத்துக்கே முகமாகிப்போயின.

22 ஆண்டுகள் கழித்து அந்தப் பார்வையைத் திருப்பியதும் புகைப்படம்தான். 2013 பிப்ரவரியில், இலங்கை இறுதிப் போர் பற்றிக் கேலம் மேக்ரே இயக்கிய ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்தின் வழியே விடுதலைப் புலிகள் (எல்.டி.டி.ஈ.) தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்தன. 12 வயது. மணல் மூட்டைகளுக்கு நடுவே, தோளில் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு, ஏதோ தின்பண்டம் சாப்பிட்டபடி உட்கார்ந்திருக்கிறான். அடுத்த படத்தில் நெஞ்சில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். இலங்கை ராணுவம் தன் மீதான குற்றச்சாட்டை மறுத்தது. தமிழ்நாட்டில் மார்ச் 8-ம் தேதி லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சில நாட்களில் மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் வீதிக்கு வந்தன. எல்.டி.டி.ஈ. தலைவரின் மகன் என்பதைத் தாண்டி, தின்பண்டம் சாப்பிடும் ஒரு பிள்ளையாக அவனை எல்லோரும் பார்த்தார்கள். மரணத்துக்கு முந்தைய படம் இல்லாமல், உடல் கிடக்கும் படம் மட்டும் வந்திருந்தால் இந்த எழுச்சி நடந்திருக்குமா என்பது சந்தேகமே. போர்க்களத்து உடல்களை 2009-லிருந்தே தமிழர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாவுக்கட்டு போட்டோவில் இல்லாதது இந்த ‘முந்தைய படம்’தான். அந்த இளைஞர் எந்தப் பள்ளியில் படிப்பை விட்டார், எந்தக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார், முதல் வழக்கு எந்த வயதில் எதற்காகப் போடப்பட்டது என்ற எதுவும் அந்தச் சட்டகத்துக்குள் வராது. இதைச் சொல்வதால் கொலையும் கட்டப்பஞ்சாயத்தும் நியாயமாகிவிடாது. ரவுடிகளால் முதலில் பாதிக்கப்படுவது வடசென்னைக் குடும்பங்கள்தான். மாமூல் கட்டுகிற தள்ளுவண்டிக்காரரும், மகனைப் பறிகொடுத்த தாயும் அந்தத் தெருக்களில்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்குத் தேவை, நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கு. படத்தை முன்கூட்டியே ஊரெல்லாம் காட்டிவிட்டால் அடையாள அணிவகுப்பின் மதிப்பே போய்விடுகிறது. சாட்சி உண்மையில் ஆளைப் பார்த்தாரா, டி.வி.யில் பார்த்தாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். மாவுக்கட்டு போட்டோ பாதிக்கப்பட்டவரின் வழக்கையும் சேர்த்தே உடைக்கிறது.

பயமும் பரிதாபமும்

வடசென்னை இன்னொரு விதமான படத்திலும் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. வாளியாலும் வெறும் கையாலும் எண்ணெயை அள்ளிய மீனவர்களின் கறுத்த கைகள் நாடு முழுக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தன. அந்த மாதக் கடைசியிலேயே பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஓடிய குடும்பங்களின் படங்களும் வந்தன.

அவை தேவையான படங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயத்தைக் கொண்டுபோனதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால், ஹூப்பரின் பஞ்சப் படங்கள் நினைவுக்கு வராமல் போகாது. சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் இணைப்புப் பகுதியைத் தோண்டியவர்களே 1877–78 பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த பட்டினிக்காரர்கள்தான். எண்ணெய் மிதந்தால் கேமரா வருகிறது. கத்தி மின்னினால் வருகிறது. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்து கூடை தூக்கும் பெண்ணுக்காகவோ, திருவொற்றியூர் தேரடியில் வாசகசாலை திறக்கும் பெரியவருக்காகவோ அது வருவதில்லை. பயத்துக்கும் பரிதாபத்துக்கும் நடுவே கிடக்கும் வருடத்தின் மற்ற நாட்கள் படமாவதே இல்லை.

பிள்ளைகள் கையில் கேமரா

எம்.பழனிக்குமார் மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாயின் மகன். கடன் வாங்கி முதல் கேமரா வாங்கியவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழி மரணங்களில் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து படமெடுத்தவர். 2022-ல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே. அந்தப் பழனிக்குமார் வியாசர்பாடி போன்ற இடங்களின் மாலை நேரப் படிப்பகப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

பிள்ளைகள் தங்கள் வீட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். துப்புரவுப் பணிக்குக் கிளம்பும் பெற்றோர், தண்ணீர்க் குடங்களின் வரிசை, வேலைக்குப் போகும் அம்மாவின் கை, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு முன்னால் வலை உதறும் மீனவர். எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதால் அந்த முகங்களில் தற்காப்பு இல்லை. அந்தப் படங்கள் 2023-ல் கண்காட்சியாக வைக்கப்பட்டது எழும்பூர் அருங்காட்சியகத்தில். தர்ஸ்டன் மனித முகங்களை அளந்து வகைப்படுத்திய அதே வளாகத்தில் வியாசர்பாடிப் பிள்ளைகளின் பெயர்கள், படமெடுத்தவர்கள் என்ற இடத்தில் அச்சாகியிருந்தன.

மறு ஆண்டு நவம்பரில் இன்னொரு படம் வந்தது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களோடு நின்ற படம். நிருபர்கள் அந்தக் குறுகிய தெருவுக்குள் போனார்கள்; அவருடைய அப்பா பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுக்கும் இடத்தை எடுத்தார்கள்; வருடக்கணக்கான பயிற்சியைப் பற்றி எழுதினார்கள். ஒரு முகத்துக்குப் பின்னால் உள்ள தெருவையும் குடும்பத்தையும் காலத்தையும் சேர்த்துக் காட்ட நம் ஊடகங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்த வாரச் செய்திகளே சாட்சி. அதே அக்கறை, அதே பகுதியில் கைதாகும் பதினெட்டு வயதுப் பையனின் விஷயத்தில் ஏன் காணாமல் போகிறது?

விதி இருக்கிறது, நடைமுறை இல்லை

கைதானவர்களை ஊடகங்கள் முன் அணிவகுக்கச் செய்யக் கூடாது, அடையாள அணிவகுப்பு தேவைப்படும் வழக்குகளில் முகத்தைக் காட்டக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2010 ஏப்ரல் மாதமே மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பிவிட்டது. 2023 செப்டம்பர் 13-ம் தேதி, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, போலீஸ் ஊடகங்களுக்குத் தகவல் தருவதற்கு விரிவான நெறிமுறையை மூன்று மாதத்தில் உருவாக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒருதலையான செய்தி, குற்றம் சாட்டப்பட்டவரை மக்கள் மனதில் முன்கூட்டியே குற்றவாளியாக்கிவிடுகிறது என்று நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் பெரம்பூர் கொலையும், அதைத் தொடர்ந்த படங்களின் வெள்ளமும்.

தமிழ்நாடு காவல்துறை செய்ய வேண்டியது எளிமையானது. காவலில் இருப்பவரை மருத்துவமனைக் கட்டிலில் வைத்து எடுக்கும் படங்கள் மருத்துவப் பதிவுக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டுமே போக வேண்டும். அவை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், அனுப்பியவர் யார் என்று விசாரிக்க வேண்டும். எலும்பு முறிவு எப்படி நேர்ந்தது என்று காவலுக்கு அனுப்பும் நீதித்துறை நடுவர் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் படத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம்; வயது உறுதியாகாத ஒரு முகம்கூட வெளியே போகக் கூடாது.

பத்திரிகைகளின் பங்கு இதைவிடப் பெரியது. அந்தப் படத்தைப் போடாமல் இருக்க எந்த நீதிமன்றத் தீர்ப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கைது செய்தியை எழுதலாம், வழக்கின் விவரத்தை எழுதலாம், பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தைச் சந்தித்து எழுதலாம். வழக்கு முடிந்து விடுதலையானால், கைதின்போது செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் அதையும் போடலாம். அதற்கு இன்று மாலை கூடும் ஆசிரியர் குழுவின் ஒரு முடிவு போதும்.